இரும்புப் படியில் இறங்கிப் போனவர்

மரக்காணத்தில் தபால்காரனாக இருப்பவனுக்கு, யார் வீட்டுக்குக் கடிதம் வருகிறது, யார் வீட்டுக்கு வருவதில்லை என்பது கேட்காமலே தெரியும். என் அக்கா பச்சையம்மாளுக்கு மூன்று வருஷமாகக் கடிதம் வரவில்லை. அதற்கு முன்பு மாதம் ஒன்று தவறாமல் சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாமா எழுதுவதை நான்தான் படித்துக் காட்டுவேன். அக்கா சொல்லும் பதிலையும் நான்தான் எழுதுவேன்.

அக்காவின் புருஷனான மாமாவின் பெயர் ஏழுமலை. சின்ன வயதிலேயே சிங்கப்பூர் போய்த் துறைமுகக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தவர். கல்யாணத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்தார். அப்புறம் ஒரு தடவை வந்தார். அப்படி வந்து போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. பிள்ளை கிடையாது. அவர் அனுப்பியதில்தான் நான் பத்தாவது வரை படித்தேன். அக்கா அன்றைக்கும் உப்பு சுமந்தாள், இன்றைக்கும் சுமக்கிறாள். விடிவதற்கு முன்னால் உப்பளப் பாத்தியில் இறங்குவாள். வெயில் ஏறுவதற்குள் வாரிய உப்பைக் கூடை கூடையாகத் தலையில் வைத்துக் கரைமேல் கொட்டுவாள். மழை மாதங்களில் அந்த வேலையும் இல்லை.

கோட்டக்குப்பத்துக் கரீம் பாய்க்குச் சிங்கப்பூரில் மளிகைக் கடை இருந்தது. ஊருக்கு வந்திருந்தவர் கப்பலில் திரும்பப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் அக்கா என்னிடம் வந்தாள்.

"நீ அவர் கூடப் போய்ட்டு வா. அந்த ஆளு உசுரோட இருக்காரா இல்லியான்னு பாத்துட்டு வந்து சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

கப்பல் கூலியும் பாஸ்போர்ட்டும் எப்படிச் சேர்ந்தன என்பதை எழுதப்போவதில்லை. அதில் யாருக்கும் பெருமை இல்லை.

கப்பலின் மேல்தட்டில் எட்டு நாள். முதல் மூன்று நாள் நான் தலையைத் தூக்கவில்லை. கடற்கரையில் பிறந்தவனுக்கு இப்படி வாந்தியா என்று பக்கத்தில் பாய் விரித்திருந்தவர்கள் சிரித்தார்கள். கரையில் பிறப்பது வேறு, கடலில் பிறப்பது வேறு என்று அவர்களுக்குச் சொல்லும் நிலையில் நான் இல்லை. கரீம் பாய் எலுமிச்சம்பழத்தை அறுத்து உப்பு வைத்துக் கொடுத்தார். "ஃபிக்ர் பண்ணாதீங்க, கவல வேணாம் தம்பி. சிங்கப்பூர் சின்ன ஊரு. அட்ரஸ் கையில இருந்தா ஆளைப் புடிச்சிடலாம்" என்றார்.

இறங்கிய நாள் முழுவதும் தரை ஆடிக்கொண்டிருந்தது. கரீம் பாயின் கடைக்கு மேலேயே, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் எனக்குப் படுக்கை. காலையில் பரோட்டாவுக்குச் சீனி தொட்டுக்கொண்டு தின்றார்கள். காப்பியைச் சாசரில் ஊற்றி உறிஞ்சினார்கள். மேஜைமேல் ஒரு கண்ணாடிப் புட்டியில் உப்பு இருந்தது. தட்டினால் மாவு மாதிரி விழுந்தது. ஈரமும் இல்லை, மண்ணும் இல்லை. எங்கள் ஊரில் ஒருத்தி அரைநாள் சுமக்கிற பொருள் இங்கே யாரும் திரும்பிப் பார்க்காமல் மேஜையில் கிடந்தது. இன்னும் கொஞ்சம் தட்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பாகத்தான் இருந்தது.

அந்த ஊரின் பழைய கட்டிடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகப்பைப் பார்த்தால் கல்யாண வீடுதான். வளைவுகள், பூ வேலை செய்த தூண்கள், பச்சையும் நீலமும் அடித்த மரச்சன்னல்கள். பின்பக்கம் போனால் வேறு கதை. சாக்கடை, குப்பைத் தொட்டி, கறுத்த சுவர். அந்தச் சுவரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இரும்புப் படிக்கட்டு, முறுக்குப் பிழிந்த மாதிரி சுற்றிச் சுற்றி மேல்மாடி வரை போகிறது. சில படிகளில் பூந்தொட்டி, சிலவற்றில் காயப்போட்ட துணி.

"இது எதுக்கு பாய்?" என்று கேட்டேன்.

"தீப்புடிச்சா எறங்கறதுக்கு. முன்பக்கம் மரப்படி. அது எரிஞ்சிடும். இது எரியாது. வெள்ளைக்காரன் வச்ச சட்டம்."

எங்கள் பக்கத்தில் சித்திரை, வைகாசி வந்தால் ஏதாவது ஒரு குப்பம் எரியும். ஓலை வீட்டுக்கு ஒரே வாசல். அதிலும் குனிந்துதான் போக வேண்டும். தீயும் அந்த வழியாகவே வரும். இங்கே, தீ வராத நாளிலும் அது வந்தால் என்ன செய்வது என்று யோசித்து இரும்பை வளைத்து வைத்திருக்கிறார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆச்சரியப்பட்டேன் என்று எழுதினால் பொய்.

மறுநாள் மத்தியானம் கரீம் பாய் என்னை மாமாவின் விலாசத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கீழே கூடை முடைகிற கடை. ஒரு சீனக் கிழவி பிரம்பைக் காலால் மிதித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பாய் மலாயில் கேட்டார். அவள் கையை நிறுத்தாமல் பதில் சொன்னாள். பாய் எனக்குச் சொன்னார்:

"ஆளு இங்கதான் இருக்கிறாராம், மூணாவது மாடி. சாயங்காலம்தான் வருவாராம். நல்ல மனுசன், ஆனா படுக்கும்போது கூட லைட்ட அணைக்க மாட்டான், அது ஒண்ணுதான் குத்தம்ங்கறா."

உயிரோடு இருக்கிறார். அக்கா கேட்டது அவ்வளவுதான். அப்படியே திரும்பியிருக்கலாம். "மரக்காணத்துலேர்ந்து மச்சான் வந்திருக்கான்னு சொல்லச் சொல்லுங்க" என்று பாயிடம் சொன்னேன். கிழவி தலையாட்டினாள்.

அடுத்த நாள் பொழுது சாயும்போது தனியாகப் போனேன். தெருவில் ஒவ்வொரு சன்னலாக விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. ஒரு சன்னலில் குழந்தைக்குச் சோறூட்டுகிறார்கள். ஒன்றில் நான்கு பேர் சீட்டாடுகிறார்கள். ஒன்றில் ஒருத்தி தலை வாருகிறாள். எதையும் மறைக்கவில்லை. எங்கள் ஊரில் சிம்னி விளக்கு வைத்தால் வெளிச்சத்தைவிட நிழல்தான் அதிகம். பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது மாடிச் சன்னலிலும் விளக்கு எரிந்தது. ஒரு ஆள் குறுக்கே நடந்தார். வழுக்கை விழுந்திருந்தது. ஆனால் தோளை ஒரு பக்கம் சாய்த்து நடக்கிற அந்த நடையை எனக்குத் தெரியும்.

மரப்படியில் ஓடினேன். கதவைத் தட்டினேன். "மாமா, நான் கோதண்டம் வந்திருக்கேன்" என்றேன். சத்தம் இல்லை. தள்ளினால் கதவு திறந்துகொண்டது.

அறையில் யாரும் இல்லை. தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது. மேஜையில் டீ ஆவி பறந்தது. ஒரு கட்டில், மூன்று சட்டை, ஒரு டிரங்குப் பெட்டி. சுவரில் அக்காவும் அவரும் கல்யாணத்தன்று புதுச்சேரி ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட போட்டோ. பின்கதவு விரியத் திறந்திருந்தது. அதன் வழியாக எட்டிப் பார்த்தேன். இரும்புப் படிக்கட்டு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. கீழே அந்த வழுக்கைத் தலை சுற்றிச் சுற்றி இறங்கிப் போனது.

"மாமா" என்று கூப்பிட்டேன்.

அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. சந்தில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூலை திரும்பிப் போய்விட்டார். நான் இறங்கித் துரத்தவில்லை. படிகளின் இடைவெளி வழியே தரை தெரிந்தது, கால் வரவில்லை. ஆறிப்போகிற டீயைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். என்னைக் கண்டு ஒருவர் தீயைக் கண்ட மாதிரி இறங்கி ஓடியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்த ஆத்திரத்தில் பஸ்ஸைப் பார்க்காமல் ஏறிவிட்டேன். கண்டக்டர் சீனர். காசைக் கொடுத்தேன், டிக்கெட்டைக் கிழித்தார். எந்த ஊர் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். புதிதாகக் கட்டிய அடுக்குமாடிகள் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் நின்றன. அத்தனை சன்னலிலும் விளக்கு. அங்கே இட்லி விற்றுக்கொண்டிருந்த ஒரு தஞ்சாவூர்க்காரர், "எதிர்ப்பக்கம் நின்னு ஏறுங்க. வந்த பஸ்ஸே திரும்பிப் போகும்" என்றார். அவர் கொடுத்த இட்லி கல்லாக இருந்தது. சட்னியில் சர்க்கரை போட்டிருந்தார். இருந்தும் நாலு தின்றேன். தமிழ் கேட்ட ஆறுதல்.

மறுநாள் சாயங்காலம் கரீம் பாயை முன்வாசலுக்கு அனுப்பிவிட்டு, நான் பின்சந்தில் போய் இரும்புப் படியின் காலடியில் நின்றேன். மேலே கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. பின்கதவு திறந்தது. செருப்புச் சத்தம் சுற்றிச் சுற்றி இறங்கியது. கடைசிப் படிக்கு மேல்படியில் வந்ததும் என்னைப் பார்த்துவிட்டார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீதானா" என்றார்.

"ஏன் மாமா ஓடறீங்க?"

"நேத்து நீ தட்டினதுமே தெரிஞ்சுது. இந்த ஊர்ல எவனும் அப்படிக் கதவைத் தட்ட மாட்டான்." பிடித்த கம்பியை விடவில்லை. "இப்ப இன்னா வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாம். அக்கா உங்களப் பாத்துட்டு வரச் சொன்னா."

"அவளா சொன்னா?" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. "மேல வா."

அவர் பின்னால் அந்தப் படியில் ஏறினேன். கம்பியில் துருவும் எண்ணெயும் கையில் ஒட்டின. முன்வாசலில் நின்ற கரீம் பாயிடம் மாமாவே போய்ப் பேசி அனுப்பிவிட்டு வந்தார். டீ போட்டுக் கொடுத்தார். அப்புறம் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் இருந்த ஒரு கடிதத்தை எடுத்து என் மடியில் போட்டார்.

"படி. நல்லா படிக்கறவன்தானே நீ."

என் கையெழுத்து. எட்டு வருஷத்துக்கு முந்தையது. 'எனக்குக் கடல் தாண்டி வர இஷ்டம் இல்லை. என்னை வற்புறுத்த வேண்டாம். இனி அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். இப்படிக்கு, பச்சையம்மாள்.'

அந்தக் கடிதத்தை அக்கா சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். சிங்கப்பூரில் குடியுரிமை கிடைத்துவிட்டது, உன்னை அழைத்துக்கொள்ள ஃபாரம் வாங்கி வைத்திருக்கிறேன், வருகிறாயா என்று மாமா எழுதியிருந்தார். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். தபால் வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தேன். அக்கா போய்விட்டால் அப்பாவைப் புரட்டிப் போடுவது யார், உலை வைப்பது யார், உப்புக்குப் போவது யார்? வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து அவளுக்கு அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அந்த நாலு வரி வந்ததும் தாண்டிவிட்டேன். "அவ்ளோதானா?" என்று கேட்டாள். "அவ்ளோதான்" என்றேன். அன்று சாயங்காலமே அவள் பெயரில் பதிலை எழுதிப் போட்டுவிட்டு வந்தேன்.

"உங்கப்பா இருக்கிற வரைக்கும் அனுப்பினேன்" என்றார் மாமா. "உனக்கு வேலை ஆச்சு. அவரும் போய்ட்டாரு. வர இஷ்டம் இல்லாதவளுக்கு இன்னான்னு எழுதறது? விட்டுட்டேன். நீ வந்திருக்கேன்னு கிழவி சொன்னதும், மறுபடியும் எதுவோ கேக்கத்தான் வந்திருக்கேன்னு நெனைச்சேன்."

நான் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வர்றேன்னு ஒரு வரி எழுதியிருந்தா போதும்டா. நானே வந்து கூட்டிட்டு வந்திருப்பேன். அந்தச் சன்னலுக்குத் திரை வாங்கி வச்சேன், பொம்பள இருக்கிற வீடாச்சேன்னு. அப்புறம் கழட்டிட்டேன்."

வாயைத் திறந்திருக்கலாம். 'நானா எழுதினது மாமா' என்று மூன்று வார்த்தை. அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. அக்காவுக்கு நாற்பத்திரண்டு. அந்த அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருந்தது. ஆனால் அந்த மூன்று வார்த்தையைச் சொன்னால் அது ஊருக்கு வரும், அக்காவிடம் வரும். அவள் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கும். கடிதத்தை நாலாக மடித்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். அவர் மறுபடி பெட்டியின் அடியில் வைத்தார்.

"அக்காகிட்ட இன்னா சொல்லட்டும்?"

"செத்துட்டேன்னு சொல்லிடு."

"தாலிய அறுக்கணும் மாமா. ஊரே கூடி நின்னு அறுப்பாங்க."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "இங்க வேற குடும்பம் இருக்குதுன்னு சொல்றேன். அதோட விட்டுடுவா."

அவருக்கு முகம் மாறிவிட்டது. அவரை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை. "அப்படிச் சொல்லாத. இத்தன வருசத்துல ஒருத்திய நிமிந்து பாத்திருக்கேனா? கீழ கேட்டுப் பாரு, தெருவுல கேட்டுப் பாரு. அந்தக் கெட்ட பேரு எனக்கு வேணாம்."

"அப்ப நீங்களே ஊருக்கு வந்து சொல்லுங்க."

வரமாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் சன்னல் பக்கம் போய் நின்றார். எதிர் வீட்டில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. திரும்பாமலே, "உன் இஷ்டம்" என்றார்.

கிளம்பும்போது, "அவ காலு எப்படி இருக்குது? உப்புல வெடிச்சு ரத்தம் வருமே" என்று கேட்டார். அப்படியேதான் இருக்கிறது என்றேன். இரண்டு பாட்டில் தைலத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நான் மரப்படி வழியாக இறங்கினேன். தெருவிலிருந்து திரும்பிப் பார்த்தபோது அவர் சன்னலில் இல்லை.

கரீம் பாய் என்ன ஆயிற்று என்று கேட்டார். "அவருக்கு வர விருப்பம் இல்ல பாய்" என்றேன். அதற்கு மேல் கேட்காமல், அன்றைக்கு எனக்கு மீன்தலைக் குழம்பு வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு நல்ல குழம்பை நான் அதற்கு முன்பும் சாப்பிட்டதில்லை, அப்புறமும் சாப்பிட்டதில்லை. துக்கம் தொண்டையை அடைக்கும் என்று சொல்கிறார்கள். எனக்கு அடைக்கவில்லை. இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டேன்.

திரும்பும் கப்பலில் வாந்தி இல்லை.

மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அக்காவைத் தேடி உப்பளத்துக்குத்தான் போனேன். காலை வெயில் பாத்திகளில் பட்டுக் கண் கூசியது. அக்கா கூடையை இறக்கிவிட்டு வரப்பில் வந்து நின்றாள்.

"இருக்காரா?"

"இருக்காரு."

சும்மாட்டுத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யாராவது இருக்காளா?"

"ஆமா."

"சீனச்சியா?"

"ஆமா."

"புள்ளைங்க?"

அதற்கு நான் தயாராக வரவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் பொய் தெரிந்துவிடும் என்று ஏனோ பட்டது. "ரெண்டு" என்றேன். "பையனுக்கு ஏழு. பொண்ணுக்கு அஞ்சு."

அக்கா விரலை மடக்கினாள். "இங்கேர்ந்து போய் ரெண்டு வருசங்கூட ஆவல" என்றாள். அழவில்லை. தைலத்தைக் கொடுத்தேன், நானே வாங்கியதாகச் சொல்லி. இடுப்பில் செருகிக்கொண்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

ஊர் அவள் பக்கம் நின்றது. பெண்கள் வந்து அந்தச் சீனச்சியைத் திட்டினார்கள். அக்காவும் கொஞ்ச நாள் திட்டினாள். அப்புறம் நிறுத்திவிட்டாள். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "புள்ளைங்க யார் சாடை?" என்று கேட்டாள். பையன் மாமா மாதிரி என்று சொல்லிவைத்தேன். இன்னொரு நாள் பெயர் கேட்டாள். பையன் பெயர் முருகன், பெண் பெயர் தெரியவில்லை என்றேன். "பேரு கூடக் கேட்டுட்டு வராம இன்னாடா போனே" என்று கோபித்துக்கொண்டாள். தீபாவளிக்குத் தீபாவளி, இப்போது அதுகளுக்கு எந்த அளவில் சட்டை பிடிக்கும் என்று என் மகனை நிற்க வைத்துக் கையால் அளந்து பார்த்தாள்.

மூன்று வருஷம் போயிற்று. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக வீடு வீடாக ஒரு நர்சம்மா வந்தார். நான் தபால் கொடுத்துவிட்டு அக்கா வீட்டு வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். நர்சம்மா நோட்டை விரித்துக்கொண்டு, "குழந்தைங்க எத்தனைம்மா?" என்று கேட்டார்.

"ரெண்டு" என்றாள் அக்கா. "நான் பெத்தது இல்ல. எங்க வூட்டுக்காரருக்கு. சிங்கப்பூர்ல இருக்குதுங்க."

"அதெல்லாம் இதுல வராதும்மா. இல்லைன்னு போட்டுக்கறேன்."

"போட்டுக்கோ."

நர்சம்மா எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அக்கா என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"பெரியவனுக்கு இப்ப ஒம்பதா, பத்தா?"

"பத்து" என்றேன்.